நான் முந்நூறு ரூபாய் வாங்கிப் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர் சும்மா கிடைப்பதுதான்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு வணக்கம்.

கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, எதற்கு முதல்வராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். கல்லூரி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் முதலில் டீக்கடை, அடுத்து ஜெராக்ஸ் கடை, அதற்கடுத்து 'லேப்டாப் சர்வீஸ், பிரின்ட் அவுட், ப்ராஜெக்ட் பைண்டிங்' என்று ஒரு போர்டு தொங்குமே, அந்த மாதிரிக் கடை ஒன்றைப் பதினேழு வருடமாக நடத்துகிறேன். போர்டில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது. ஆபீஸுக்கு முந்நூறு, பிளான் வரைகிற ஆட்டோகேட், கணக்குப் போடுகிற மேட்லேப் மாதிரிப் பெரிய சாமானுக்கு ஐந்நூறு. நண்பர்கள் நாலு பேராக வந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். எல்லாம் கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகல்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, அம்பதாயிரம் முதல் ரெண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிடலாம் என்று அதிலேயே சலுகையும் இருக்கிறது. மாணவனுக்கு அந்தச் சலுகை பொருந்தும். காசு வாங்கிப் போட்டுக் கொடுத்த எனக்குப் பொருந்தாது. தெரிந்துதான் செய்தேன்.

நிறுத்தியதற்குக் காரணம் சட்டப் பயம் இல்லை. சிவில் டிப்ளமோ கடைசி செமஸ்டர் படித்த ஒரு பெண்.

ப்ராஜெக்ட் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, ஆறு நாள் இருந்தது. லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது" என்றாள். திறந்து பார்த்தேன். வேர்டு ஃபைல், டிராயிங், சைட்டில் எடுத்த போட்டோ, அவள் தங்கையின் சடங்கு போட்டோ வரைக்கும் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன நோட்பேட் ஃபைல். உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். இதன் பெயர் ஸ்டாப் டிஜேவியூ. 2018-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் ரான்சம்வேர். பெரிய கம்பெனிகளைக் குறிவைத்து வருகிற ஆள் இல்லை. கிராக்கையும், போலிச் சாவி எண் தருகிற கீஜென்னையும் தேடுகிறவர்கள்தான் இதற்கு வாடிக்கையாளர்கள். அவர்களில் மாணவர்கள் நிறையப் பேர். திருடனும் தள்ளுபடி அறிவிக்கிறான் பாருங்கள்.

அந்த லேப்டாப்பில் மூன்று மாதத்துக்கு முன் ஆட்டோகேட் போட்டவன் நான்தான். போடும்போது விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் கத்தும். அதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் போடுவோம், தொழிலில் எல்லோரும் செய்வது அதைத்தான். வைரஸ் என் பென் டிரைவிலிருந்து போனதா, அவள் பிறகு வேறு எதையோ இறக்கியதால் வந்ததா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் காவலுக்கு இருந்த நாயைக் கட்டிப்போட்டவன் நான். வைரஸ் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஆஃப்லைன் கீ என்கிற பொதுச் சாவியால் பூட்டியிருந்தால் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் தரும் இலவசக் கருவியில் சிலசமயம் திறக்கலாம். அவளுடையது ஆன்லைன் கீ, திருடனிடம் மட்டும் இருக்கிற தனிச் சாவி. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தேன். கைடுக்கு ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்த மூன்று அத்தியாயம் தப்பித்தது. மீதியை அவள் திரும்ப டைப் அடித்தாள். டிராயிங்கைத் திரும்ப வரைந்தாள்.

அதற்கு மறுபடியும் ஆட்டோகேட் வேண்டும். அப்போதுதான் கேட்டாள், "அண்ணே, இதக் காசு குடுத்து வாங்கினா எவ்வளவு ஆகும்?"

ஆட்டோகேட் செய்கிற ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தோம். மாணவர்களுக்கு விலையே இல்லை. 2014 டிசம்பரிலிருந்து ஆட்டோடெஸ்க் உலகம் முழுக்க மாணவர்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஆட்டோகேட், ரெவிட், மாயா என்று பெரும்பாலானவற்றை இலவசமாகத் தருகிறது. ஒரு வருட அனுமதி. படிக்கிற வரைக்கும் வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுக்கத் தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று உங்களுக்கே புரியும். ஐந்நூறு ரூபாய்.

சரி, வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தோம். இங்கிருந்துதான் உங்கள் கதை ஆரம்பிக்கிறது.

முதலில் கல்லூரி மெயில் ஐடி கேட்டது. அவளுக்கு அப்படி ஒன்று கிடையாது. அவள் கல்லூரியில் யாருக்குமே கிடையாது. பிரின்சிபாலின் மெயிலே ஜிமெயிலில்தான் இருந்தது. மெயில் இல்லையென்றால் ஆவணம் ஏற்றலாம் என்றது. ஐடி கார்டைப் போட்டோ எடுத்து ஏற்றினோம். தள்ளிவிட்டது. மாணவரின் முழுப் பெயர், கல்வி நிறுவனத்தின் பெயர், இந்தக் கல்வியாண்டுக்குள் வருகிற ஒரு தேதி, மூன்றும் ஒரே தாளில் தெரிய வேண்டும். கார்டில் எந்த வருடம் சேர்ந்தாள் என்று மட்டும் இருந்தது, தேதி இல்லை. ரத்த வகை இருந்தது, அப்பாவின் போன் நம்பர் இருந்தது, கல்லூரி நிறுவனரின் படம்கூட இருந்தது.

அடுத்தது பெயர். அந்த ஃபாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம். நம் பிள்ளைகளுக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான். அவள் கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதினாள். கார்டில் ஒற்றை எழுத்து. பொருந்தவில்லை என்று மறுபடி தள்ளியது. ஆதாரில் ஒரு மாதிரி, டிசியில் ஒரு மாதிரி, கல்லூரிப் பதிவேட்டில் ஒரு மாதிரி. அமெரிக்காக்காரன் எழுதிய ஃபாரத்துக்கு நம் தலைப்பெழுத்து புரியாது, அதற்கு அவனை நொந்துகொண்டு பிரயோஜனம் இல்லை.

கடைசியில் போனஃபைடு சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னேன். ஆபீஸ் கிளார்க் கேட்டிருக்கிறார்: "எதுக்கும்மா? ஸ்காலர்ஷிப்பா, பஸ் பாஸா, பேங்க் லோனா?" சாஃப்ட்வேருக்கு என்றதும் அப்படி ஒரு காரணம் தன் லெட்ஜரில் இல்லையே என்று ஹெச்ஓடி கையெழுத்து வாங்கி வரச் சொல்லிவிட்டார். ஹெச்ஓடி இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். ஒன்பது நாள் கழித்து சர்டிபிகேட் கைக்கு வந்தது. வைவா முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆறு நாளில் அவள் எதை வைத்து வரைந்தாள் என்று கேட்காதீர்கள், தோழியின் லேப்டாப்பில் கிராக் இருந்தது. ஆனாலும் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் பழகிக்கொள்ளலாம் என்று அந்தச் சர்டிபிகேட்டை ஏற்றினோம். அனுமதி வந்துவிட்டது.

அந்தக் கிளார்க்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த மெயில் ஐடி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் சொந்த டொமைனில், அதாவது மெயிலில் @-க்குப் பின்னால் வருகிற இணையப் பெயரில், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் ஐடி கொடுப்பதற்குக் காசு செலவாகும் என்று பல பேர் நினைக்கிறார்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனில் ஃபண்டமென்டல்ஸ் என்கிற அடிப்படைத் திட்டம் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். கல்லூரி முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் இடம் தருகிறார்கள். மைக்ரோசாஃப்டில் ஏ1 என்று ஒரு திட்டம், அதுவும் இலவசம். அதில் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் எல்லாம் பிரவுசரில் ஓடும், டீம்ஸ் வரும். இன்ஸ்டால் செய்கிற முழு ஆபீஸ் வேண்டுமென்றால் காசு கட்டுகிற திட்டத்துக்குப் போக வேண்டும். ஆனால் செமினாருக்கு ஸ்லைடு செய்ய, அசைன்மென்ட் அடிக்க பிரவுசர் வேர்டு தாராளமாகப் போதும். நெட் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளுக்கு லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச ஆபீஸ் இருக்கிறது. அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

அந்த ஒரு மெயில் ஐடி கையில் இருந்தால் என்னவெல்லாம் திறக்கிறது தெரியுமா? புரோகிராம்களைச் சேமித்துப் பகிர்கிற தளமான கிட்ஹப்பின் ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக் 2014-லிருந்து இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு சீர்வரிசைத் தட்டு மாதிரி, உள்ளே ஏகப்பட்ட நிறுவனங்கள் வைத்த பொருள். ஜெட்பிரெயின்ஸ் தன் புரோகிராம் எழுதும் கருவிகளைப் படிக்கிற காலம் வரை வருடத்துக்கு வருடம் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறது. நெட் வழியாகக் கம்ப்யூட்டரை வாடகைக்குத் தருகிற மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் மாணவர் கணக்கில் 100 டாலர் இருப்பு கிடைக்கும், கிரெடிட் கார்டு கேட்க மாட்டார்கள். கிரெடிட் கார்டு கேட்கவில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பா கட்டட வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். சென்னையில் பெரிய கல்லூரியில் படிப்பவன் இதையெல்லாம் முதல் செமஸ்டரிலேயே வாங்கிவிடுகிறான். அவன் கல்லூரி சேர்ந்த வாரமே ஐடி கொடுத்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள்.

டொமைன் .ac.in அல்லது .edu.in என்று முடிவது நல்லது. அவற்றைக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் மத்திய அரசின் எர்நெட் இந்தியா பதிந்து தருகிறது. கட்டணம் உண்டு, உங்கள் ஆண்டுவிழா ஃபிளெக்ஸ் செலவைவிட அதிகமாக இருக்காது என்பது என் கணிப்பு. டாட் காமில் முடிகிற டொமைனிலும் மெயில் ஓடும், ஆனால் அது கல்லூரிதானா என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் சந்தேகப்படும். இன்னொன்று, படித்து முடித்துப் போனவர்களின் ஐடியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பழைய மாணவர்களும் அதே டொமைனில் இருந்தால் சில நிறுவனங்கள் அந்த டொமைனையே ஏற்பதில்லை, இப்போது படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடும். நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் தங்கள் ஃபைல்களை எடுத்துக்கொள்ளட்டும்.

இதில் நிறுவனங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். தூண்டிலில் புழு மாட்டுகிறவன் மீனுக்குச் சாப்பாடு போடவா உட்கார்ந்திருக்கிறான்? இன்று சும்மா பழகுகிற பிள்ளை நாளை ஆபீசில் உட்கார்ந்து இதைத்தான் வாங்கச் சொல்லுவான் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது தெரியும். அதனால் இலவசம் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. மேட்லேப் விஷயத்தைப் பாருங்கள். அதைக் கல்லூரி முழுவதற்குமாக வாங்கும் உரிமம் உண்டு, பெரிய கல்லூரிகள் வாங்குகின்றன. சின்னக் கல்லூரிக்கு அது கட்டாது. ஆனால் பாடத்தில் வருகிற மேட்ரிக்ஸ் கணக்கும் கிராஃபும் சைலேப், ஆக்டேவ் என்கிற இலவச சாஃப்ட்வேர்களிலும் அப்படியே வரும். இதற்கென்றே ஐஐடி பம்பாயில் ஃபாஸி என்றொரு திட்டம் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. சர்க்யூட்டுக்கு ஈசிம், ஸ்டீல் டிசைனுக்கு ஓஸ்டாக் என்று நம் பாடத்திட்டத்தை மனதில் வைத்தே கருவிகள் செய்திருக்கிறார்கள். அங்கேயே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியலில் பத்துப் பத்து நிமிட வீடியோக்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் எப்படி, சைலேப் எப்படி என்று. நானே அதைப் பார்த்துத்தான் சைலேப் போடக் கற்றேன்.

ஆனால் என் கடைக்கு வரும் பையன் என்ன சொல்கிறான்? "அண்ணே, சைலேப்ல முடிச்சுட்டேன், மேடம் மேட்லேப் ஸ்கிரீன்ஷாட்தான் ரெக்கார்டுல ஒட்டணும்னு சொல்றாங்க." ஒரே விடை, ஒரே கிராஃப். ஜன்னலின் மேல் ஓரத்தில் எழுதியிருக்கும் பெயருக்கு இன்டர்னல் மார்க். அந்த மேடத்தைக் குறை சொல்லி என்ன, அவர் ரெக்கார்டை இன்னொருவர் பார்ப்பார். லேபில் வைத்திருக்கிற மேட்லேபுக்கே உரிமம் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் உங்களில் சிலர் லேபிலும் போட்டுக் கொடுத்தது என் மாதிரி ஆட்கள்தான். 'இந்தச் செய்முறையை இவற்றில் எதில் செய்தாலும் செல்லும்' என்று ஒரு சர்க்குலர் அனுப்ப உங்களால் முடியும். அதை உங்களைத் தவிர யாராலும் அனுப்ப முடியாது.

கேரளாவில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்தார்கள், இன்று கைட் என்று பெயர். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸிலேயே ஐடி பாடம் படித்து லினக்ஸிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். நம்மூரிலும் முயற்சி நடக்காமல் இல்லை. தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறினார்கள். பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு காலத்தில் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். அதைப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கடையில் எம்எஸ் ஆபீஸ் எப்படித் திறப்பது என்று கேட்ட நாளெல்லாம் உண்டு. 2011-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. "அண்ணே, இந்த பாஸ எடுத்துட்டு வேற விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்று வந்தவர்கள் எத்தனை பேர்! நானும் யோசிக்காமல் ஃபார்மட் அடித்தேன். மிஷினைக் கொடுத்தார்கள், அதற்குள் இருப்பதை வைத்து என்ன செய்வது என்று வகுப்பில் யாரும் காட்டவில்லை. இப்போது மறுபடியும் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. கை நிறைய மிஷின் வரும். உள்ளே என்ன ஓடப்போகிறது என்பது உங்கள் கையிலும் என் பென் டிரைவிலும் இருக்கிறது.

அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இது உங்கள் துறை இல்லை, பள்ளிக்கல்வித் துறை. பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புதிய பாடநூலில் அடோபி பேஜ்மேக்கர் 7.0 ஒரு பாடம். அந்தப் பதிப்பு வந்தது 2001-இல். 2004-இல் அடோபி அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டு அதே வேலைக்கான இன்டிசைன் பக்கம் போய்விட்டது. அப்படியானால் நம் பிள்ளைகள் வீட்டில் பழகுவதற்கு அதை எங்கே வாங்குவார்கள்? கடைக்குத்தான் வருவார்கள். பழைய தமிழ் ஃபான்ட்டுகளால் அச்சகங்களில் இன்னும் அது ஓடுகிறது என்பது வாஸ்தவம்தான். ஆனால் நியாயமாக வாங்கவே வழியில்லாத பொருளைப் பாடப்புத்தகத்தில் வைத்துவிட்டுத் திருட்டு நகலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படிப் பேசுவது?

கணக்கு எழுதுகிற டாலி தேவலை. பி.காம். பிள்ளைகளுக்கு நான் இப்போது கிராக் போடுவதே இல்லை. டாலியிலேயே எஜுகேஷனல் மோடு இருக்கிறது, இலவசம். ஒரே நிபந்தனை, மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும். அதனால் எங்கள் ஊர் பி.காம். ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்தால், கொள்முதல், விற்பனை, சம்பளம், வாடகை எல்லாம் ஒண்ணாம் தேதியும் ரெண்டாம் தேதியுமாகவே முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். சிரிப்பாக இருந்தாலும் கற்றுக்கொள்ள அது போதும்.

மாணவர் உரிமத்துக்கும் எல்லை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். படிப்பதற்கு மட்டும். பகுதி நேரமாக ஒரு இன்ஜினியர் ஆபீசில் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற பையன் அதே உரிமத்தில் வரையக் கூடாது. முன்பெல்லாம் ஆட்டோகேட் மாணவர் பதிப்பில் வரைந்தால், பிரின்ட் எடுக்கும்போது தாளின் நாலு ஓரத்திலும் 'கல்விக்கான பதிப்பில் செய்தது' என்று ஆங்கிலத்தில் அச்சாகிவிடும். ஒரு மாணவர் ஃபைலிலிருந்து ஒரே ஒரு கதவை எடுத்து இன்னொரு டிராயிங்கில் ஒட்டினால்கூட அந்த முத்திரை தொற்றிக்கொண்டு வரும். பெரிய தாளில் பிளான் அச்சடிக்கிற பிளாட்டர் வைத்திருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இப்போது முத்திரை வருவதில்லை, விதி மட்டும் இருக்கிறது.

நான் கேட்பதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். அட்மிஷன் முடிந்து முதல் வாரத்தில் பஸ் பாஸுக்கு ஃபாரம் கொடுக்கிறீர்களே, அதே வாரத்தில் மெயில் ஐடியும் கொடுங்கள். ஐடி கார்டு அடிக்கும்போது 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று ஒரு வரியும், பெயரை இனிஷியலை விரித்து முழுசாகவும் போடுங்கள், கார்டு அடிக்கிறவர் அதற்குத் தனிக் காசு கேட்க மாட்டார். போனஃபைடு ரிஜிஸ்டரில் காரணம் எழுதும் இடத்தில் 'மென்பொருள்' என்று எழுதலாம் என்று ஆபீசுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு துறையிலும் சின்ன வயசு லெக்சரர் ஒருவராவது இதிலெல்லாம் ஆர்வமாக இருப்பார், அவருக்கு ஒரு மதியத்தை ஒதுக்கிக் கொடுத்தால் மொத்த வகுப்புக்கும் லேபிலேயே பதிந்து முடித்துவிடுவார். மூன்றாம் வருடத்தில் பிளேஸ்மென்ட் நெருக்கத்தில் செய்யாதீர்கள், அதற்குள் எல்லோரும் என் கடைக்கு ஒரு நடை வந்துபோயிருப்பார்கள்.

என் பிழைப்பு என்ன ஆகும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். கீபோர்டில் டீ கொட்டுகிறவர்கள் இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கும். இப்போது கிராக் கேட்டு வருகிறவர்களிடம் "மெயில் ஐடி இருக்காப்பா?" என்று முதலில் கேட்கிறேன். இருந்தால் நானே உட்கார்ந்து பதிந்து கொடுக்கிறேன், அம்பது ரூபாய். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸோ சைலேபோ போட்டுக் கொடுக்கிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே முந்நூறுக்குக் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். போன வருடம் ஒரு கல்லூரி முதல்வர் இதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சரிப்பா, வந்து செய்து கொடு" என்றார். போனேன். கூகுளிலும் சரி, மைக்ரோசாஃப்டிலும் சரி, டொமைன் உங்களுடையதுதான் என்று காட்டினால்தான் பதிவு நகரும். அதற்கு டொமைனின் அமைப்புகளை மாற்றுகிற டிஎன்எஸ் பக்கத்தில் டெக்ஸ்ட் ரெக்கார்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அஞ்சு நிமிட வேலை. அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு யாரிடம் என்று கேட்டேன். வெப்சைட் செய்த பையனிடம் என்றார்கள். அந்தப் பையன் எட்டு வருடத்துக்கு முன்பு துபாய் போய்விட்டான். ஆபீசில் இருந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவனுடைய சித்தப்பா வீட்டைத் தேடிப் பிடித்து, வாட்ஸ்அப் நம்பர் வாங்கி, அவன் பழைய மெயிலைத் திறந்து ஓடிபி சொல்லும்வரை பதினோரு நாள் ஆனது. டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்க்க நாலு நிமிடம்.

அதனால் இந்த மடலைப் படித்து முடித்ததும் வேறு எதற்கும் முன்னால், ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட்டைக் கூப்பிட்டு நம் டொமைன் பாஸ்வேர்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி வாசல் லேப்டாப் சர்வீஸ்காரன்